சோலார் பேனல் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

போல்ட்டைத் திருகும்போது கொடுக்கும் முறுக்கு விசைதான் டார்க். பேனலைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் ஒவ்வொரு கிளாம்ப்புக்கும் அது எவ்வளவு என்று தயாரிப்பாளர் கையேட்டில் நியூட்டன் மீட்டர் கணக்கில் இருக்கும். இறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. பழையபடி சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் பேனலைப் பிடித்து வைக்கிறது. மல்லிகை தொடுப்பது மாதிரிதான்: நார் தளர்ந்தால் பூ உதிரும், அதிகம் இறுகினால் காம்பு அறுந்துவிடும்.

மதுரை வெயிலில் மொட்டைமாடி அலுமினியச் சட்டம் பகலில் விரிந்து இரவில் சுருங்கும். இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் உலோகம் அது. சரியாக இறுக்காத போல்ட் இதில் மெல்ல நெகிழும், அப்புறம் ஆடிக் காற்று பேனலைத் தூக்கிவிடும். ரொம்ப இறுக்கினால் சட்டம் நசுங்கும், கண்ணாடியே விரிசல் விடலாம். ஆகவே டார்க் ரெஞ்ச் (நாம் வைத்த டார்க் அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தம் தரும் ஸ்பேனர்) இல்லாமல் வேலையை முடிக்க விடாதீர்கள். அந்த ‘டக்’ கேட்டதும் நிறுத்திவிட வேண்டும்.

ஸ்பிரிங் வாஷர் (போல்ட்டில் மாட்டும், சுருள் போல் வெட்டுள்ள வளையம்) போட்டால் கழலவே கழலாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் சரியான இறுக்கத்துக்கு வாஷர் ஈடாகாது.