ஆடிட்டர் தப்பு செய்தால் யார் கட்டுவது? – கேள்வி-பதில்

கே: ஜூன் மாதமே எல்லாத் தாள்களையும் கொடுத்துவிட்டேன். ஆடிட்டர் வருமான வரிக் கணக்கைக் கெடு தாண்டித் தாக்கல் செய்ததில் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். அவர்தானே கட்ட வேண்டும்? (ஈரோடு)

ப: துறை உங்களிடம்தான் வசூலிக்கும். கட்டிவிட்டு அவரிடம் கேளுங்கள். ஜூனில் கொடுத்ததற்கு ஒரு மெயிலோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கே: எஃப்.டி. வட்டியைக் காட்டாமல் விட்டுவிட்டார். வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றையும் அவரிடம் வாங்க முடியுமா? (மதுரை)

ப: வட்டிச் சான்றிதழை அவரிடம் கொடுத்தீர்களா? அதை எழுதவே இல்லையே! கொடுத்திருந்தாலும், வரி எப்படியும் உங்கள் பாடுதான். தாமதத்தால் ஏறிய வட்டியையும் அபராதத்தையும் மட்டும் கேட்கலாம்.

கே: ஆடிட்டர்களின் அமைப்பான ஐசிஏஐ-யிடம் புகார் கொடுத்தால் நஷ்ட ஈடு கிடைக்குமா? (திருச்சி)

ப: கிடைக்காது. ஃபார்ம் ஐ-யில், 2,500 ரூபாய் போலக் கட்டிப் புகார் செய்யலாம். ஆடிட்டரைக் கண்டிப்பார்கள், பெயரை நீக்கவும் செய்வார்கள்; உங்கள் கைக்குப் பணம் வராது. பணத்துக்கு நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். தாக்கல் செய்தவர் வக்கீல் என்றால் அந்த வழியும் இல்லை, 2024-ல் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. சிவில் கோர்ட்தான்.

கே: கம்பெனிக்கே வந்த ஒருவர் 10 சதவீதக் கமிஷனுக்கு 60,000 ரூபாய் ரீஃபண்ட் வாங்கித் தந்தார். இப்போது நோட்டீஸ். அவர் போனை எடுப்பதில்லை. (ஒசூர்)

ப: எத்தனை முறைதான் எழுதுவது? ரீஃபண்டில் பங்கு கேட்பவர் பெரும்பாலும் ஆடிட்டரே இல்லை. அப்படியானால் ஐசிஏஐ-க்கு அவர் மேல் அதிகாரமும் இல்லை. இல்லாத வீட்டு வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை என்று அவர் எழுதியிருப்பார். நீங்கள் ஓடிபி சொன்னீர்களே, அதுதான் உங்கள் கையெழுத்து. போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் முதல் கேள்வி, 'வாடகையும் நன்கொடையும் கொடுக்காமல் இவ்வளவு பணம் எப்படித் திரும்பி வந்தது என்று நீங்கள் யோசிக்கவில்லையா?' என்பதாக இருக்கும். 2025 ஜூலையில் துறை சுமார் 150 இடங்களில் சோதனை போட்டது, தமிழ்நாட்டிலும்தான். இந்த ஏஜெண்டுகள் தாக்கலுக்கென்றே தற்காலிக மெயில் முகவரி திறந்து, பிறகு அதைக் கைவிட்டதும், நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடந்ததும் அப்போது வெளிவந்தது. வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் யார் மெயில் இருக்கிறது, பாருங்கள்.

தெரிந்தே பொய்க் கணக்கு என்று முடிவானால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. நோட்டீஸ் வராத மற்ற வருடங்களுக்கு அப்டேட்டட் ரிட்டர்ன் (பழைய கணக்கைத் திருத்திப் போடுவது) போட்டுவிடுங்கள். நான்கு வருடம் வரை இடமுண்டு, தாமதத்தைப் பொறுத்து 25 முதல் 70 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். வந்திருப்பது எந்த நோட்டீஸ் என்று எழுதவில்லை. அதை ஒரு நிஜ ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

கே: பழைய ஆடிட்டர் லாகின் பாஸ்வேர்டைத் தர மறுக்கிறார். (சேலம்)

ப: அவரிடம் ஏன் கேட்கிறீர்கள்? ஆதார் ஓடிபி போட்டு இன்று இரவே மாற்றுங்கள். அப்புறம் மொபைல் எண், மெயில் இரண்டும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.