கிரெடிட் கார்டில் சேர்ந்த புள்ளிகளைக் கொண்டு பெற்றோரை அமெரிக்காவுக்கு அனுப்ப முடியுமா?

கேட்டவர், சில ஆண்டுகளாகக் கிரெடிட் கார்டில் சேர்ந்த புள்ளிகளை விமான மைல்களாக (டிக்கெட்டுக்கு ஈடாக விமான நிறுவனங்கள் ஏற்கும் புள்ளிகள்) மாற்றி அமெரிக்காவுக்கு டிக்கெட் எடுக்க முடியுமா, இல்லை வங்கி தரும் பரிசுப் பொருளையோ பணத்தையோ வாங்கிக்கொள்வதுதான் நல்லதா என்று கேட்டிருக்கிறார்.

முடியும். தங்கையின் பிரசவத்துக்காக என் அம்மா சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அப்படித்தான் போய்வந்தார். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இதே வேலையில் இறங்கி 48,000 மைல்களைப் பறிகொடுத்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பறிகொடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை இரவு. வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்றின் தளத்தில், நான் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த தேதியில் இருக்கை தெரிந்தது. உடனே வங்கியின் பக்கத்துக்குப் போய், என்னிடம் இருந்த புள்ளிகள் அத்தனையையும் அந்த நிறுவனத்துக்கு மாற்றச் சொல்லி அழுத்திவிட்டேன். நிமிடத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கார்டில் உள்ள பெயரும் விமான நிறுவனக் கணக்கில் உள்ள பெயரும் பொருந்தவில்லையாம்.

நம்மில் பலருக்கும் இருக்கிற சிக்கல் இது. கார்டில் என் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பாவின் முழுப்பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருக்கிறது. விமான நிறுவனத்தில் உறுப்பினராகச் சேர்ந்தபோதோ, குடும்பப் பெயரை எழுதாமல் படிவம் நகரவில்லை என்பதால், என் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதிவைத்திருந்தேன். மூன்று இடத்தில் மூன்று பெயர். பாஸ்போர்ட் நகலை அனுப்பி, திருத்தம் வாங்கி, மைல்கள் கணக்கில் வந்து விழுந்தபோது ஒன்பது நாள் ஓடிவிட்டது. இருக்கையை யாரோ எடுத்துவிட்டார்கள். ஒரு முறை மாற்றிய புள்ளிகளை வங்கிக்குத் திருப்பவும் வழியில்லை. அதன் பிறகு எனக்கு ஒத்துவரும் தேதியில் அந்தத் தடத்தில் இருக்கை கிடைக்கவே இல்லை. மைல்களைப் பயன்படுத்துவதற்கான கெடு முடிந்த மறுநாள் கணக்கைத் திறந்து பார்த்தேன், ஒரு மைல்கூட இல்லை.

ஆகவே, டிக்கெட் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்த விமான நிறுவனத்தின் மைல்களைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதில் இலவசமாக உறுப்பினராகுங்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரைப் பதியுங்கள். பிறகு வங்கி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவு புள்ளிகளை மட்டும் அந்தக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். எத்தனை மணி நேரத்தில் அல்லது எத்தனை நாளில் வந்து சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உடனே வந்துவிட்டால் கவலையில்லை, இருக்கையைக் கண்ணால் பார்த்த பிறகே மீதியை மாற்றலாம். நான்கைந்து நாள் பிடிக்கிறது என்றால், ஒரே தேதியை நம்பாமல் மாற்றுத் தேதி இரண்டு மூன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாற்ற வேண்டும். எப்படியானாலும், எங்கே போகிறோம் என்று முடிவாகாமல் மொத்தப் புள்ளிகளையும் ஒரே நிறுவனத்தில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். வங்கியில் இருக்கும்வரை அவற்றுக்குப் பல கதவுகள் உண்டு. மாற்றிய பிறகு ஒரே கதவுதான்.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் தேடுவது எளிது. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியது, அடிக்கடி பறக்கும் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடாமல் இருப்பதற்காக. காசு கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள் என்று கணக்குப் போடுகிற இருக்கைகளில் சிலவற்றைத்தான் நிறுவனங்கள் குறைந்த மைல்களுக்கு விடுகின்றன. இன்றும் அந்த அடிப்படை மாறவில்லை. விமானத்தில் ஐம்பது இடம் காலியாக இருந்தாலும், மைலுக்கு விட்டது இரண்டே இடம் என்றால் இரண்டுதான். அதனால் "என்னிடம் எத்தனை மைல் இருக்கிறது" என்பதைவிட "எந்த நாளில் இருக்கையை விட்டிருக்கிறார்கள்" என்பதுதான் பெரிய கேள்வி.

இன்னொன்று, விமான நிறுவனங்களின் கூட்டணி. ஸ்டார் அலையன்ஸ் 1997இல் ஐந்து நிறுவனங்களோடு தொடங்கியது. ஏர் இந்தியா 2014இல் அதில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா, துருக்கி ஏர்லைன்ஸ் எல்லாம் அதே கூட்டணிதான். ஒரு நிறுவனத்தின் மைலைக் கொண்டு இன்னொன்றின் விமானத்தில் போகலாம். லுஃப்தான்சா விமானத்தில் சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட் போகும் ஒரே இருக்கைக்கு நான்கு திட்டங்களில் நான்கு விதமாக மைல் கேட்பார்கள். கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையிலும் பெரிய வித்தியாசம் இருக்கும். சில திட்டங்கள் வரியோடு சேர்த்து எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் நம் தலையில் கட்டும். ஏர் கனடாவின் ஏரோபிளானும் யுனைடெட்டின் மைலேஜ் பிளஸும் அதை வாங்குவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தன் சொந்த விமானங்களுக்கு வாங்குவதில்லை. இதைப் பார்க்காமல் மைல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், "இலவச" டிக்கெட்டுக்குப் பாதி டிக்கெட் காசைக் கட்டும்படி ஆகும்.

எத்தனை மைல் ஆகும் என்ற பட்டியலை நான் இங்கே தரவில்லை. அதை நிறுவனங்கள் அவ்வப்போது ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. தேடுகிற அன்று அந்தத் தளத்தில் தெரிவதுதான் கணக்கு.

இப்போது அம்மாவின் பயணம். சிங்கப்பூர் வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் மைல் அல்ல. அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறும். சிங்கப்பூர் விமான நிலையத்தில் தமிழ் பேசும் பணியாளர் ஒருவராவது கண்ணில் படுவார். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானம் உண்டு, இடையில் ஒரே ஒரு மாற்றம்தான். தொலைவு 8,400 மைலுக்கு மேல். உட்கார்ந்த இடத்திலேயே பதினைந்து பதினாறு மணி நேரம். மூட்டு வலிக்காரரான அம்மாவுக்கு அது சிரமம்தான். என்றாலும் முன்பின் தெரியாத ஊரில் இரண்டு முறை இறங்கி ஏறுவதைவிட அதுவே மேல் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ என்று மொத்தமாகத் தேடினால் பெரும்பாலும் "இல்லை" என்றே வந்தது. அதைப் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. பாதையை இரண்டாக வெட்டித் தேட வேண்டும். பழைய நோட்டு ஒன்றில் தேதிகளை வரிசையாக எழுதி, சென்னை–சிங்கப்பூருக்கு ஒரு பத்தி, சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு பத்தி என்று கோடு போட்டேன். முதல் பத்தி முழுக்க டிக் விழுந்தது. இரண்டாவதில் மாதத்துக்கு நான்கைந்துதான், அதுவும் செவ்வாய், புதன் கிழமைகளில். நீண்ட தூரத் துண்டு எந்த நாளில் கிடைக்கிறதோ அந்த நாளுக்குக் குட்டித் துண்டை ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்த அம்மா, "மளிகை வாங்கினதற்கும் கரண்ட் பில் கட்டினதற்குமா விமானத்தில் ஏற்றுவார்கள்?" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். கையில் டிக்கெட்டைக் காட்டும்வரை அவர் நம்பவில்லை.

பொதுவாக இருக்கை கிடைக்கும் காலம் இரண்டு. ஒன்று, முன்பதிவு திறக்கும் நேரம். பல நிறுவனங்கள் ஏறக்குறைய பதினொரு மாதம் முன்பே திறக்கின்றன, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 355 நாள் முன்பு. மற்றது, புறப்பாட்டுக்கு முந்தைய இரண்டு வாரம். விற்காமல் நிற்கும் இடங்களில் சிலவற்றை அப்போது திறந்துவிடுவார்கள். பள்ளி விடுமுறையான மே, ஜூன், பிறகு டிசம்பர் இரண்டாம் பாதி, இந்த நாட்களை நான் தேடுவதே இல்லை.

மைல் உங்கள் கணக்கில், பயணம் செய்பவர் உங்கள் அம்மா என்றால், சில திட்டங்களில் அவர் பெயரை முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் க்ரிஸ்ஃப்ளையரில் அப்படி ஐந்து பேரைச் சேர்க்கலாம். இருக்கையைப் பார்த்த பிறகு இந்த வேலையில் உட்காராதீர்கள்.

போக ஒரு டிக்கெட், திரும்ப ஒரு டிக்கெட் என்று தனித்தனியாகத்தான் எடுத்தேன். காசு கொடுத்து வாங்கும்போது ஒருவழி டிக்கெட்டின் விலை பல நேரம் இருவழி விலையை நெருங்கிவிடும். மைலில் பெரும்பாலான திட்டங்களில் ஒருவழிக்குச் சரிபாதிதான். அம்மா எத்தனை மாதம் இருப்பார் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாத நிலையில், திரும்பும் டிக்கெட்டை மட்டும் தொட்டு மாற்றலாம், மற்றது அப்படியே இருக்கும். ஆனால் திரும்பும் டிக்கெட்டை எடுக்காமல் அனுப்பாதீர்கள், குடியேற்ற அதிகாரி கேட்டால் காட்ட ஒன்று கையில் இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் அருமை எனக்குப் புரிந்தது புறப்பாட்டுக்கு மூன்று வாரம் இருந்தபோது. விடியற்காலை தங்கை அழைத்தாள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, பிரசவத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்றாள். குரல் நடுங்கியது. போனை வைத்த கையோடு தளத்தைத் திறந்தேன். முதலில் எடுத்திருந்த தேதிக்கு ஒன்பது நாள் முன்னால் ஒரு புதன்கிழமை இருக்கை இருந்தது. மாற்றத்துக்குச் சிறு கட்டணம் மட்டும் கட்டினேன், கூடுதலாக ஒரு மைல்கூட எடுக்கவில்லை. அதே நாளுக்குக் காசு கொடுத்து வாங்கும் விலையையும் அப்போது பார்த்தேன். நாங்கள் முதலில் விசாரித்த விலையைப் போல இரண்டு மடங்கு. மலிவு டிக்கெட் வாங்கியிருந்தால் அபராதமும் விலை வித்தியாசமும் சேர்ந்து எங்களை உலுக்கியிருக்கும். குழந்தை பிறந்தபோது அம்மா தங்கையின் பக்கத்தில் இருந்தார். பிரசவம், உடல்நலக் குறைவு, துக்கம் என்று தேதி நம் கையில் இல்லாத பயணங்களுக்கு மைலைப் போல உதவுவது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

எல்லாப் பயணத்துக்கும் இது பொருந்தாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காசு டிக்கெட் 95,000 ரூபாய், மைல் டிக்கெட்டுக்கு 60,000 மைலும் வரியாக 12,000 ரூபாயும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 83,000 ரூபாய். அதை 60,000 மைலால் வகுத்தால் மைலுக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 38 காசு. ஒரு மைலுக்காக நீங்கள் கொடுக்கும் புள்ளிகளைப் பணமாகவே மாற்றினால் வங்கி எவ்வளவு தரும் என்று பாருங்கள். 50 காசு என்றால் மைலாக மாற்றுவது லாபம். சென்னையிலிருந்து கொழும்பு, துபாய் போன்ற இடங்களுக்கு மலிவு விமானங்களே நிறைய இருக்கின்றன. அங்கே இந்தக் கணக்கு பெரும்பாலும் தோற்றுவிடும், காசு கொடுத்தே போய்விடுங்கள்.

மைல் டிக்கெட் சில சமயம் நாம் நினைத்தும் பார்க்காத ஊர்களைச் சுற்றிக்கொண்டு போகும். இறங்கி ஏறும் நாட்டில் இந்திய பாஸ்போர்ட்டுக்கு இடைமாற்று விசா வேண்டுமா என்று மைலைச் செலவழிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். இரவு வேறு விமான நிலையத்துக்கு மாற வேண்டிய பாதை என்றால் பெற்றோருக்கு வேண்டவே வேண்டாம். சக்கர நாற்காலி, சைவ உணவு எல்லாம் காசு கொடுத்தவருக்கு உள்ளது போலவே மைல் பயணிக்கும் உண்டு, தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

பிறகு, சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது அதன் உறுப்பினர்களின் புள்ளிகளும் ஏர் இந்தியாவின் திட்டத்துக்குப் போயின. க்ரிஸ்ஃப்ளையர் மைல் மூன்று ஆண்டில் காலாவதியாகிவிடும். ஓர் ஆண்டுக்குள் போகப் போகும் பயணம் ஒன்றைக் குறித்துவைத்து, அதற்காக மட்டும் மாற்றுங்கள்.

உங்கள் பெற்றோரின் பாஸ்போர்ட்டுகளை இன்றே எடுத்துக் குடும்பப் பெயர் கட்டத்தைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் பெயர் வேறு விதமாக அச்சாகியிருக்கும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (FNU, 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். அப்படியிருந்தால் டிக்கெட்டில் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று விமான நிறுவனத்திடமே கேட்டு, அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு தேடத் தொடங்குங்கள்.