கரகரப்பை அணைத்துவிடாதீர்கள்

கேள்வி: லண்டனில் எங்கள் தெருவிழாவுக்கு, மேற்கு ஆப்பிரிக்காவின் கேம்பியாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் வாசிக்க வருகிறது. அப்பா கோரா (நரம்பு வாத்தியம்), மகன் பலஃபோன் (மரச்சட்டங்களைத் தட்டி வாசிப்பது), மகள் பாட்டு, மருமகன் ஜெம்பே (கையால் அடிக்கும் மேளம்). கூடவே கீபோர்டும் பேஸ் கிட்டாரும். சவுண்டு என் பொறுப்பு. போன வருடம் கோரா கேட்கவே இல்லை. பலஃபோன் கரகரத்தது, கீபோர்டோடு சேரவும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கரகரப்பு. அது கோளாறே இல்லை. பலஃபோனின் மரச்சட்டங்களுக்கு அடியில் சுரைக்குடுக்கைகள் தொங்கும். அவற்றில் ஓட்டை போட்டு மெல்லிய சவ்வு ஒட்டியிருப்பார்கள். அந்தக் காலத்தில் சிலந்தி முட்டைக்கூட்டின் சவ்வு; இப்போது சிகரெட் தாள், பிளாஸ்டிக் தாள்கூட உண்டு. சட்டத்தைத் தட்டினால் சவ்வு அதிரும். தம்புரா ரீங்கரிக்கத் தந்திக்கு அடியில் ஜீவா நூல் வைக்கிறோமே, அந்த ருசிதான். மேலே மட்டும் மைக் வைத்தால் தட்டும் சத்தம்தான் வரும். குடுக்கைகளைப் பார்த்தபடி கீழேயும் ஒன்று வையுங்கள்.

சுருதிதான் பெரிய தலைவலி. பழைய முறை பலஃபோனில் ஒரு ஸ்தாயியை ஏறத்தாழ ஏழு சம பங்காகப் பிரிப்பார்கள். சுருதி இடைவெளியை அளக்கும் செண்ட் கணக்கில் ஸ்தாயிக்கு 1200 என்றால் பங்குக்குச் சுமார் 171. கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளுக்கு இடையிலோ 200 அல்லது 100. எப்படிச் சேரும்? மரத்தைச் செதுக்கினால்தான் சுருதி மாறும். மேடையில் பலஃபோன் யாருக்காகவும் இறங்கி வராது. மகனிடம் இருப்பது மேற்கத்திய சுருதிக்குச் செய்ததா என்று இன்றைக்கே போனில் கேளுங்கள். இல்லையென்றால் பலஃபோன் வரும் பாட்டுகளில் கீபோர்டு சும்மா இருக்கட்டும்.

கோராவுக்கு 21 நரம்பு. கழுத்தில் கட்டிய தோல் வளையங்களை நகர்த்திச் சுருதி சேர்ப்பது பழைய வழக்கம். சிலர் கிட்டார் பிருடை (முறுக்காணி) போட்டுவிட்டார்கள். எதுவானாலும் நேரம் பிடிக்கும். ஒரே சுருதிப் பாட்டுகளை அடுத்தடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஜெம்பே பக்கத்தில் இருந்தால் கோராவின் மைக்கில் ஜெம்பேதான் கேட்கும். தள்ளி உட்கார வையுங்கள். பிக்கப் (வாத்தியத்திலேயே பொருத்தி ஒலியை எடுக்கும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது. மரபு கெட்டுவிடுமோ என்ற தயக்கம் வேண்டாம். மாலியின் பஸேகூ குயாத்தே ங்கோனி என்ற தன் மரபு நரம்பு வாத்தியத்தையே பிக்கப், ஒலியை நெளிக்கும் வா-வா பெடலோடுதான் வாசிக்கிறார், மனைவி ஆமி சாக்கோ பாட.

இன்னொன்று. மகள் புகழ்பாடத் தொடங்கியதும் சிலர் மேடையேறி நோட்டு கொடுப்பார்கள். ஜலி (பரம்பரைப் பாணர்) குடும்பங்களின் பாட்டுக்கு அப்படித்தான் மரியாதை செய்வார்கள். காவலுக்கு நிற்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்; மேடை முன்னால் ஓடும் வயர்களை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.