பிளானிங் தேவையில்லை என்றால் பில்டிங் கொன்ட்ரோலும் தேவையில்லையா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்களுக்கு ஒரு வரிசை வீடு இருக்கிறது. பின்பக்கம் 3 மீற்றர் நீட்டி குசினியைப் பெரிதாக்கி, மாடி ஏற முடியாத அம்மாவுக்குக் கீழேயே ஒரு அறையும் ஷவரும் போட யோசிக்கிறோம். பில்டர், “இதுக்கு பிளானிங் தேவையில்லை, கவுன்சில் பக்கமே போக வேண்டாம், அப்படிப் பயமென்றால் ஒரு பில்டிங் நோட்டீஸ் போட்டுவிடலாம்” என்கிறார். நம்பலாமா?

பதில்: பாதிதான் நம்பலாம். வரிசை வீட்டின் பின்னால் ஒரே தளத்தில் 3 மீற்றர் வரை நீட்டுவதற்கு, உயரக் கணக்குகள் சரியாக இருந்தால், பெரும்பாலும் பிளானிங் அனுமதி தேவைப்படாது. ஆனால் பிளானிங்காரர் பார்ப்பது வெளித்தோற்றமும் பக்கத்து வீட்டுக்காரரின் வெளிச்சமும்தான். அத்திவாரம் தாங்குமா, நெருப்புப் பிடித்தால் வெளியே வரலாமா, ஈரம் ஏறுமா, வடிகால் ஓடுமா, சூடு வெளியே போகுமா என்பதெல்லாம் கட்டட விதிகளின் பாடு, அதைப் பார்ப்பது பில்டிங் கொன்ட்ரோல். ஒன்றுக்கு விலக்கு இருந்தால் மற்றதற்கும் விலக்கு என்று யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. உங்கள் வேலைக்கு பில்டிங் கொன்ட்ரோல் அனுமதி கட்டாயம் வேண்டும்.

பில்டிங் நோட்டீஸ் என்பது பிளான் எதுவும் கொடுக்காமல் படிவமும் கட்டணமும் மட்டும் கொடுத்து, இரண்டு நாளில் வேலையைத் தொடங்கும் வழி. ஒரு சுவரை உடைத்து இரும்பு பீம் வைக்கிற மாதிரி வேலைக்கு நானே அதைத்தான் சொல்வேன். உங்கள் வேலைக்குச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் கட்டப்போவதை முன்கூட்டியே யாரும் சரிபார்ப்பதில்லை. கிடங்கு வெட்டி, கொங்கிறீட் லொறி தெருமுனையில் நிற்கும்போது அதிகாரி வந்து “பக்கத்தில் மரம் இருக்கிறது, இது களிமண், இன்னும் ஆழம் போ” என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும், பில்டரின் தலையில் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் கழிவுநீர்க் குழாய். வடிகால் வரைபடத்தில் உள்ள பொதுக் குழாயின் மேலோ அதற்கு 3 மீற்றருக்குள்ளோ கட்டுவதென்றால் பில்டிங் நோட்டீஸ் வழியே உங்களுக்கு இல்லை. கிழக்கு லண்டனின் பழைய வரிசை வீடுகளில் நாலைந்து வீட்டுக் கழிவு ஒரே குழாயில் சேர்ந்து, கொல்லைப்புறம் வழியாகத்தான் ஓடும். 2011 ஒக்டோபர் 1இல் இப்படிப் பகிர்ந்துகொள்ளும் குழாய்களில் பெரும்பாலானவை தண்ணீர்க் கொம்பனியின் சொத்தாக மாறிவிட்டன, உங்கள் பக்கத்தில் அது தேம்ஸ் வோட்டர். பல குழாய்கள் இன்னும் வரைபடத்தில்கூட ஏறவில்லை. ஆகவே முதல் வேலையாக மான்ஹோல் மூடியைத் திறந்து, குழாய் ஓட்டத்தில் உங்களுக்கு முன்னால் உள்ள பக்கத்து வீட்டில் தண்ணீர் திறந்தால் உங்கள் மான்ஹோலில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், கிண்டுவதற்கு முன்பே தேம்ஸ் வோட்டரிடம் குழாய்க்கு மேலே அல்லது அருகே கட்டுவதற்கான ஒப்புதல் எடுக்க வேண்டும்.

எனவே உங்களுக்கு ஏற்றது ஃபுல் பிளான்ஸ், அதாவது வேலை தொடங்குமுன் முழு வரைபடத்தையும் கவுன்சிலிடம் கொடுத்துச் சரிபார்க்கவைக்கும் வழி. வரைபடங்களையும் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரின் கணக்கையும் கொடுத்தால் ஐந்து வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும், நீங்கள் சம்மதித்தால் அது நீளலாம். அந்த ஐந்து வாரத்தை வீணென்று நினைக்காதீர்கள். அனுமதி கிடைத்த அதே வரைபடத்தைக் காட்டி மூன்று பில்டர்களிடம் விலை கேட்கலாம், பிறகு “அது சொல்லவில்லையே, இது எக்ஸ்ட்ரா” என்ற கதைக்கு இடமிருக்காது.

வரையும்போதே அம்மாவின் அறையை எங்கே வைக்கிறீர்கள் என்று யோசியுங்கள். குசினியைக் கடந்துதான் அந்த அறைக்குப் போக முடியும் என்றால், குசினியில் நெருப்பு என்றால் அம்மா உள்ளே மாட்டிக்கொள்வார். அதற்காகத்தான் அப்படியான அறைக்குத் தப்பிக்கும் யன்னல் கேட்பார்கள்: திறக்கும் இடம் 0.33 சதுர மீற்றருக்குக் குறையாமல், அகலமும் உயரமும் 450 மில்லிமீற்றருக்குக் குறையாமல், அடிவிளிம்பு தரையிலிருந்து 1.1 மீற்றருக்கு மேல் போகாமல். மாடிப்படி ஏற முடியாதவர் யன்னல் ஏறிக் குதிப்பாரா? விதி அதைக் கேட்காது, நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஹோலுக்கு நேரே கதவு உள்ள நடு அறையை அவருக்குக் கொடுப்பேன். அதன் பழைய யன்னலைப் புதுக் கட்டடம் மறைத்துவிடும் என்றால், காற்றுக்கு வேறு வழியைப் பிளானிலேயே காட்ட வேண்டும். தோட்டப்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு ஆசை இருந்தால் இன்னொன்று: புதுப் பகுதியின் தரைப் பரப்பில் 25 சதவீதமும், கட்டுவதால் மறைந்துபோகும் பழைய யன்னல் கதவுகளின் பரப்பும் சேர்த்த அளவுக்குத்தான் கண்ணாடி சாதாரணமாக வைக்கலாம். அதைத் தாண்டினால் சூட்டுக் கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டிவரும்.

கவுன்சிலுக்குப் பதில், பதிவுபெற்ற தனியார் பில்டிங் கொன்ட்ரோல் கொம்பனியையும் வைக்கலாம். பில்டர் “எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார்” என்றால் நன்றி சொல்லிவிட்டு நீங்களே ஒருவரைத் தெரிவு செய்யுங்கள், சரிபார்ப்பவர் சரிபார்க்கப்படுபவரின் கூட்டாளியாக இருப்பது நல்லதில்லை.

வேலை தொடங்கினால் அத்திவாரக் கிடங்கு, ஈரத்தடுப்பு, வடிகால், பீம், இன்சுலேஷன் என்று ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன் அதிகாரி பார்க்க வேண்டும். பார்க்காமல் மூடினால் திறந்து காட்டச் சொல்லலாம். மின்சார வேலைக்குத் தானே சான்று கொடுக்கும் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனைப் பிடித்தால் ஒரு தலைவலி குறையும். முடிவில் வரும் கொம்ப்ளீஷன் சேர்ட்டிபிக்கற்தான் நீங்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் பலன், வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சொலிசிற்றர் முதலில் கேட்பதே அதைத்தான். அது கையில் வரும்வரை பில்டரின் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள், ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதிவிடுங்கள்.

சொல்லாமல் கட்டினால்? பிழையாகக் கட்டியதை இடிக்கவோ திருத்தவோ கவுன்சில் உத்தரவு போடுவதற்கு முன்பு ஒரு வருடம்தான் இருந்தது, 2023 ஒக்டோபரிலிருந்து அது பத்து வருடம். பிறகு ரெகுலரைசேஷன், அதாவது கட்டிய பின் கேட்கும் அனுமதி, கேட்கலாம், ஆனால் சுவரையும் தரையையும் உடைத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம், பக்கத்து வீட்டு அத்திவாரத்துக்கு 3 மீற்றருக்குள் அதைவிட ஆழமாகக் கிண்டினால், 1996 பார்ட்டி வோல் (அயல்வீட்டோடு பகிரும் சுவர்) சட்டப்படி ஒரு மாதம் முன்பே அவர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு பக்கமும் வீடு, ஆகவே இரண்டு கடிதம். பிளான் கவுன்சிலில் இருக்கும் அந்த ஐந்து வாரத்துக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள்.