பாட்டு வருகிறது, தனியே கேட்டால் பதில் வரவில்லை

வணக்கம். உங்கள் வீட்டுவழிக் கல்விக் குழுவில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 18 மெய்யெழுத்துகளையும் பாட்டாக ஒப்பிக்கிறார்கள் என்றும், ‘ழ எந்த இனம்?’ என்று தனியே கேட்டால் முதலிலிருந்து பாடிப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

மெட்டு ஒவ்வோர் எழுத்தையும் அதற்கு முந்தைய எழுத்தோடு கோத்துவிடுவதால், நடுவில் நுழைய வழியில்லாமல் போகிறது. அந்த வழியைச் சைகைதான் திறக்க வேண்டும். நீங்கள் மூன்று இனத்துக்கும் ஒரே கைதட்டலை வைத்திருப்பதால் அது தாளத்துக்கு உதவுமே தவிர, நினைவுக்கு உதவாது. நன்னூல் வல்லினத்துக்கு மார்பையும் மெல்லினத்துக்கு மூக்கையும் இடையினத்துக்குக் கழுத்தையும் பிறப்பிடமாகச் சொல்கிறது, அதையே சைகையாக்கலாம். க ச ட த ப ற என்னும்போது நெஞ்சில் மூடிய கையும், ங ஞ ண ந ம ன என்னும்போது மூக்கில் விரலும், ய ர ல வ ழ ள என்னும்போது கழுத்தில் உள்ளங்கையும் வைக்கட்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு ‘ம்’ சொல்லச் சொன்னால் ஒலி சட்டென அடைபடும். மெல்லினம் என்றால் என்ன என்பது அப்போது அவர்களுக்கே விளங்கிவிடும். (சிரிப்பு அடங்கச் சற்று நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாம் வாரம் பாட்டை நிறுத்திவிட்டு, நீங்கள் எழுத்தை மட்டும் வரிசை மாற்றிச் சொல்ல, பிள்ளைகள் வாய் திறக்காமல் சைகை காட்டட்டும். பெரியவர்களைப் பார்த்துச் சின்னவர்கள் காட்டாதிருக்க, கண்களை மூடச் சொல்வது நல்லது. ர, ற இரண்டிலும்தான் பெரும்பாலும் தடுமாறுவார்கள். அவற்றை அடுத்தடுத்துக் கேளுங்கள்.