மிஸ்கிட்ட கேளுங்க: ஒப்பரேஷனுக்கும் நெறம் பாக்குறாங்களா?

கேள்வி: வணக்கம் மிஸ். எங்க அக்கா குடும்பம் அமெரிக்காவுல நியூ ஜெர்சியில இருக்கு. அவங்க மகளுக்கு 15 வயசு, 5 அடி 2 அங்குலம், 104 கிலோ, சீனி வருத்தமும் வந்துருச்சு. வயித்த சின்னதாக்குற ஒப்பரேஷன் பத்தி டொக்டர் ஒரு வார்த்தகூட சொல்லல, ஆனா அவ ஸ்கூல்ல ஒரு வெள்ளக்கார புள்ளைக்கு செஞ்சிருக்காங்களாம். அக்கா போன்ல அழுவுறா. நெறத்த பாத்துத்தான் இப்படியா? இங்க என் மகளுக்கும் 13 வயசு, 5 அடி, 72 கிலோ, கழுத்து கறுத்துப்போய் கெடக்கு, மஞ்சளும் எலுமிச்சங்காயும் போட்டு தேச்சு பாத்துட்டேன், போகல. இவளுக்கும் ஒப்பரேஷன் செய்யணுமா?
ஒரு அம்மா, பொகவந்தலாவ

பதில்: மொதல்ல கழுத்த தேய்க்கிறத நிப்பாட்டுங்கம்மா. அது அழுக்கு இல்ல. ரத்தத்துல சீனிய கட்டுப்படுத்துற இன்சுலின் ஒடம்புல சரியா வேல செய்யலன்னா கழுத்துலயும் கக்கத்துலயும் தோலு அப்படி தடிச்சு கறுத்துப்போகும், தேச்சா புண்ணுதான் ஆகும். புள்ளையையும் ஏசாதீங்க. திண்டு திண்டு கொழுத்துட்டான்னு சொந்தக்காரங்க வாயில விழுந்து விழுந்து எத்தன பொம்பளப்புள்ளைங்க கிளினிக் பக்கமே வராம இருந்துச்சுங்கன்னு நர்ஸ் வேலையில நான் கண்ணால பாத்தவ.

அக்கா விசயத்துக்கு வாறேன். அக்கா அழுவுறதுல ஞாயம் இருக்கு. அமெரிக்காவுல 2017லருந்து 2020 வரைக்கும் எடுத்த கணக்குல, அளவுக்கு மீறி குண்டா இருக்குற 2லருந்து 19 வயசு புள்ளைங்க ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழி வந்த) மக்கள்ல 100க்கு 26 பேரு, கறுப்பின மக்கள்ல கிட்டத்தட்ட 25, வெள்ளக்காரங்கள்ல 17. அப்ப ஒப்பரேஷனும் அந்த கணக்குலதான போகணும்? ஆனா செஞ்சுக்குற புள்ளைங்கள்ல பெரும்பாலும் வெள்ளக்கார புள்ளைங்கதான். வருத்தம் ஒரு பக்கம், வைத்தியம் இன்னொரு பக்கம்.

ஏன்னா, ஒப்பரேஷன் மேசைக்கு போறதுக்கு முன்னாடி நாலஞ்சு கதவு இருக்கு. குடும்ப டொக்டர் துண்டு எழுதணும், அவரு மனசுல இந்த வீட்டாளுங்க பின்னாடி ஒழுங்கா கிளினிக் வரமாட்டாங்கன்னு ஒரு நெனப்பு இருந்தா எழுதவே மாட்டாரு. அப்புறம் இன்சூரன்ஸ், 18 வயசு ஆகலன்னு பல பேர மொத தடவ தள்ளி விட்டுருவாங்க, அப்புறம் அப்பீல் மேல அப்பீல் போட்டாத்தான் கெடைக்கும், ரெண்டு வேல பாக்குற தாய்க்கு அதுக்கு எங்க நேரம்? இன்னொண்ணும் இருக்கு, நம்பிக்க. 1932லருந்து 1972 வரைக்கும் அமெரிக்காவுல டஸ்கிகீங்குற ஊர்ல கறுப்பின ஆம்பளைங்களுக்கு சிபிலிஸ்ங்குற பாலியல் நோய்க்கு மருந்து இருந்தும் குடுக்காம என்ன ஆகுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க, அந்த ஊட்டு பேரப்புள்ளைங்க ஆஸ்பத்திரிய பாத்து பயந்தா அத குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது.

இதெல்லாம் நமக்கும் புதுசு இல்லம்மா. ஒரு ஆஸ்பத்திரியில தோட்டத்துலருந்து வந்த ஒரு தாய்க்கிட்ட புள்ளையோட எடைய பத்தி சிங்களத்துல படபடன்னு சொன்னாங்க, அது தலைய தலைய ஆட்டிட்டு போச்சு, அடுத்த கிளினிக்குக்கு வரல. அன்னைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் காசு போகும், புரியாத பேச்சுக்கு யாரு வருவா? அந்த புள்ள கொப்பியில வரல-ன்னு எழுதுனதோட முடிஞ்சுபோச்சு. நெறத்தயோ மொழியயோ பாத்தாங்கன்னு யாரும் எழுதமாட்டாங்க, ஆனா நடக்குறது அதுதான்.

அதனால அக்காவ நேரா கேக்க சொல்லுங்க. அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 2023 ஜனவரியில சொன்ன வழிகாட்டல்ல, ரொம்ப கூடுன எடை உள்ள 13 வயசுக்கு மேலான புள்ளைங்கள ஒப்பரேஷன் டீமுக்கு அனுப்பி பாக்கணும்னு இருக்கு. உங்க அக்கா மகளோட பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டுற கணக்கு, 42 கிட்ட வருது, 40ங்குற கோட்ட தாண்டியாச்சு, சீனியும் இருக்கு. எம்மகள ஏன் அனுப்பலன்னு கேட்டு பதில எழுத்துல வாங்கணும். இங்கிலீசு தடுமாறுனா அங்க ஆஸ்பத்திரி செலவுலயே மொழிபெயர்க்க ஆள் கேக்கலாம். பயப்பட வேணாம்னும் சொல்லுங்க, 5 வருசம் வரைக்கும் பாத்த ஒரு பெரிய ஆய்வுல சீனி வருத்தத்தோட ஒப்பரேஷன் செஞ்ச புள்ளைங்கள்ல 100க்கு 86 பேருக்கு அது அடங்கிப்போச்சு, பெரியவங்கள்ல 53தான். ஆனா அதே ஆய்வுல நெறய புள்ளைங்களுக்கு இரும்புச்சத்து கொறஞ்சிருக்கு, காலம் முழுக்க விட்டமின் குளிசை போடணும்.

இப்ப உங்க மக. அவ பிஎம்ஐ 31 வருது, இப்போதைக்கு ஒப்பரேஷன் பேச்சு வேணாம். ஆனா சும்மா விடவும் கூடாது. 2016 கணக்கெடுப்புல தோட்டத்து சின்னப்புள்ளைங்கள்ல 100க்கு 32 பேரு வயசுக்கேத்த உயரம் இல்ல, நாடு முழுக்க 17தான். அதுனால நம்ம பக்கம் எல்லாரும் மெலிஞ்ச புள்ளையத்தான் தேடுறாங்க, குண்டான புள்ளைய பாத்தா நல்லா வளத்திருக்கன்னு பாராட்டிட்டு போயிருவாங்க. கொறஞ்ச எடையில பொறந்து பின்னாடி வயித்துல கொழுப்பு சேர்ற ஒடம்புக்குத்தான் சீனி சீக்கிரம் வருது. ரத்தம் கொறவான்னும் பாக்கணும். காலையில வெறும் வயித்துல சீனி டெஸ்ட், அதோட எச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூணு மாச சீனி அளவ காட்டுற ரத்த டெஸ்ட்), ஈரல் டெஸ்ட் எடுக்க சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்கு துண்டு வாங்குங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில காசு இல்ல. வீட்ல எல்லாருக்குமே பிளேன்டீல சீனிய கொறைங்க, அவளுக்கு மட்டும் தனி தட்டு வைக்காதீங்க. காலையிலயும் ராவும் கோதுமமா ரொட்டின்னா ஒரு நேரத்துக்கு முட்டையோ கௌப்பியோ மாத்துங்க.

கேள்வி: சின்ன வயசுல இந்த ஒப்பரேஷன் செஞ்சா பின்னாடி கொழந்த பெத்துக்க முடியுமா மிஸ்?
ஹட்டன் வாசகி

பதில்: முடியும் தங்கச்சி. எடை கொறஞ்சதும் மாதவிடாய் சீராகி சிலருக்கு முன்னவிட சுளுவாவே தங்கும். ஆனா ஒப்பரேஷன் செஞ்சு ஒரு வருசம், ஒன்னரை வருசத்துக்கு கர்ப்பம் வேணாம்னு டொக்டர்மார் சொல்றாங்க, அந்த நேரத்துல தாய் ஒடம்புலயே சத்து பத்தாது.