ஹாப்ஸ் பெல்லட்: சரக்கு புதுசா, பழசா?

இங்கிலாந்தில் 1963 வரை வீட்டில் பியர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டும். அந்த வருட பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அதை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து சொந்தக் குடிக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. நம் ஆட்களும் கராஜுக்குள் பெரிய அண்டாவோடு இறங்கிவிட்டார்கள் என்பது இந்த முறை வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால் தெரிகிறது. எல்லாம் ஹாப்ஸைப் பற்றித்தான்: பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ அது. அதை அரைத்து அழுத்திய குருணைதான் பெல்லட்.

கேள்வி (ஹாரோ வாசகர்): ஆன்லைனில் 100 கிராம் ஹாப்ஸ் பெல்லட் வாங்கினேன். பிரித்தால் பழுப்பு நிறம், ஒரு மாதிரி சீஸ் வாடை. கடைக்காரரிடம் கேட்டால், "பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவுதான் இல்லை. கடைக்காரர் இரண்டு தனித்தனி உரிமைகளைப் போட்டுக் குழப்புகிறார். ஆன்லைனில் வாங்கிய பொருள் பிடிக்கவில்லை என்று 14 நாளுக்குள் திருப்பும் உரிமை ஒன்று. சீல் உடைத்த உணவுப் பொருள், சீக்கிரம் கெடும் பொருள் என்று அதற்கு விதிவிலக்குகள் உண்டு. அந்த வழியில் போனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு மனசு மாறவில்லை, சரக்கு கெட்டிருக்கிறது. அதற்கு 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொருள் தரமாகவும், விளம்பரத்தில் சொன்னபடியும், வாங்கிய வேலைக்கு உதவுவதாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பிரிக்காமல் உள்ளே கெட்டிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பதாம்?

குறை இருக்கிறது என்று காட்ட வேண்டியது நீங்கள். வாடையைப் போட்டோ எடுக்க முடியாது, நிறத்தை எடுக்கலாம். வெள்ளைத் தட்டில் பத்து பெல்லட்டைக் கொட்டி, பக்கத்தில் பாக்கெட் லேபிள் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஒன்றை விரலிடுக்கில் வைத்து நசுக்கி அதையும் எடுங்கள். நல்ல பெல்லட் பச்சையாக, நசுக்கினால் மஞ்சள் பிசின் விரலில் ஒட்டும். பழசு வைக்கோல் மாதிரி உதிரும். சீஸ் வாடைக்குக் காரணம், காற்றில் பட்டு ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் சிதையும்போது உண்டாகும் ஐசோவலெரிக் அமிலம். அழுக்குக் காலுறையிலும் இதே வாடைதான்.

போட்டோக்களோடு மின்னஞ்சல் எழுதுங்கள்: "2015 சட்டப்படி நிராகரிக்கிறேன், பணத்தைத் திருப்பித் தரவும்." திருப்பி அனுப்பும் நியாயமான செலவும் அவருடையது. ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் பணம் வர வேண்டும். தயாரிப்பாளரைப் போய்க் கேளுங்கள் என்று கைகாட்டினால் நம்பாதீர்கள். பணம் வாங்கியவர்தான் பொறுப்பு. பதிலே இல்லையா, கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் (கடைக்காரரிடமிருந்து பணத்தை வங்கியே திரும்ப வாங்கித் தரும் ஏற்பாடு) கேளுங்கள்.

எனக்கும் நடந்திருக்கிறது. நேரில் போய் வாங்கிய கடை, பெயர் வேண்டாம். சாதாரண பாலித்தீன் பையில், ஜன்னலோரம் வெயில் படும் அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. விலை குறைவு என்று எடுத்துவந்தேன். அந்த 20 லிட்டர் பியரை யாருக்கும் ஊற்றிக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

கேள்வி (குரொய்டன் வாசகி): ஒரே ரகம், இரண்டு கடை. ஒன்றில் 25 கிராம் 2.40 பவுண்டு, மற்றதில் 100 கிராம் 6.50. ஒன்றில் ஆல்ஃபா 5 என்றும் இன்னொன்றில் 6 என்றும் போட்டிருக்கிறது. எதை வாங்குவது? யாராவது ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று இல்லை. ஒரே தோட்டத்து மிளகாயே வருஷத்துக்கு வருஷம் காரம் மாறுகிறதே, அதுபோலத்தான். ஆல்ஃபா என்பது கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலத்தின் சதவீதம். அந்த ஆண்டு மழை, வெயில், தோட்டம் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கும். அந்த எண்ணை அச்சடித்திருக்கும் கடை நல்ல கடை. எண்ணே இல்லாத பாக்கெட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கணக்கு சுலபம். செய்முறையில் "5 சதவீத ஹாப்ஸ், 30 கிராம்" என்று இருந்து உங்கள் கையில் 6 சதவீதம் இருந்தால், 30ஐ 5ஆல் பெருக்கி 6ஆல் வகுங்கள். 25 கிராம் போதும். இது கொதிக்கும்போது போடும் கசப்பு ஹாப்ஸுக்கான கணக்கு. கடைசியில் வாசனைக்குப் போடுவதற்கு ஆல்ஃபாவைப் பார்த்துப் பயனில்லை, மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

விலைக்கு வருவோம். 25 கிராம் கணக்கில் 100 கிராமுக்கு 9.60 ஆகிறது, பெரிய பாக்கெட்டில் மூன்று பவுண்டுக்கு மேல் மிச்சம். ஆனால் பிரித்து 30 கிராம் எடுத்துவிட்டு, மீதியைத் துணிக் கிளிப் போட்டு மசாலா டப்பாக்களோடு அலமாரியில் வைப்பீர்களானால் சின்ன பாக்கெட்டே லாபம். ஹாப்ஸ் பெல்லட் அரைத்த பொடி என்பதை மறக்காதீர்கள். கூம்பு வடிவப் பூவைக் காயவைத்து, அரைத்து, அழுத்தி உருட்டியது. பார்வைக்கு மாட்டுத் தீவனக் குருணை, உண்மையைச் சொன்னால் ஆட்டுப் புழுக்கை. டி-90 என்று லேபிளில் பார்த்திருப்பீர்கள். பழைய கணக்குப்படி 100 கிலோ காய்ந்த பூவிலிருந்து சுமார் 90 கிலோ பெல்லட் என்பதால் வந்த பெயர். அழுத்தி வைத்திருப்பதால் முழுப் பூவைவிட மெதுவாகத்தான் கெடும். ஆனால் பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் அரைத்த காப்பித்தூளுக்கு என்ன கதியோ அதுதான் இதற்கும்.

ஆகவே ஃப்ரீசரில் இடம் இருந்தால் பெரியதை வாங்குங்கள். காற்றை முழுக்க வெளியேற்றி, முடிந்தால் வேக்யூம் சீல் போட்டு, மைனஸ் 18இல் வையுங்கள். 15 டிகிரி குறையக் குறைய கெடும் வேகம் ஏறத்தாழ பாதியாகும் என்பது வீட்டில் காய்ச்சுகிறவர்களின் கைக்கணக்கு. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பிரிக்காதீர்கள். குளிர் விடட்டும், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

வாங்கும்போது ரகத்தின் பெயரைவிட அறுவடை ஆண்டை முதலில் தேடுங்கள். கென்ட், பவேரியாவின் ஹாலர்டாவ், அமெரிக்காவின் யாகிமா எல்லாவற்றிலும் அறுவடை ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். புதுச் சரக்கு பெல்லட்டாகிக் கடைக்கு வர வருஷக் கடைசி ஆகிவிடும். நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ரகங்களுக்கு அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். அவை இங்கே வருஷ நடுவில் கிடைக்கும். அக்டோபரில் ஒரு கடை கென்ட் கோல்டிங்ஸ் ரக ஹாப்ஸைப் பாதி விலைக்குத் தள்ளுகிறது என்றால் போன வருஷச் சரக்கைக் காலி செய்கிறார்கள் என்று அர்த்தம். வெள்ளிநிற ஃபாயில் பையில், கல் மாதிரி இறுகியிருந்தால் அதையும் வாங்கலாம், தப்பில்லை. பை உப்பியோ தளர்ந்தோ இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். நைட்ரஜன் நிரப்பிய பைகள் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், லேபிளிலேயே சொல்லியிருப்பார்கள்.

கேள்வி (லெஸ்டர் வாசகர்): பெல்லட் போட்டால் எல்லாம் பச்சை மண்டியாகிவிடுகிறது. குழாய் அடைத்துக்கொள்கிறது. கடையில் 35 பவுண்டுக்கு "ஹாப் ஸ்பைடர்" வாங்கச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: மண்டிக்கு என் அனுதாபம். ராத்திரி பதினோரு மணிக்கு, பியரை உறிஞ்சி மாற்றும் குழாயான சைஃபன் அடைத்து, குழாயை வாயில் வைத்து ஊதக் கூடாது என்ற அறிவு மட்டும் மிச்சமிருக்க, கிச்சன் தரையில் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கும் உண்டு. முழுப் பூ என்றால் அதுவே வடிகட்டியாகப் படிந்துவிடும். பெல்லட் பொடி, தண்ணீர் பட்ட நிமிஷமே கரைந்து சேறாகிவிடும். அது பியரையும் குடித்துக்கொள்ளும். 100 கிராம் போட்டால் அரை லிட்டருக்கு மேல் அந்தச் சேற்றோடு போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, தொடக்கத்திலேயே அந்த அளவு கூட்டிக் காய்ச்சுங்கள்.

ஸ்பைடர் என்பது அண்டாவின் விளிம்பில் தொங்கும் நுண் கம்பி வலைக் கூடை. நல்ல சாமான்தான், ஆனால் முதலில் காசில்லாத வழி ஒன்றைப் பாருங்கள். டீயைக் கரண்டியால் ஒரே பக்கமாகச் சுழற்றி நிறுத்தினால் தூள் நடுவில் வந்து குவிகிறதல்லவா? ஏன் ஓரத்துக்குப் போகாமல் நடுவுக்கு வருகிறது என்று 1926இல் ஐன்ஸ்டைன் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அதே வேலைதான். அடுப்பை அணைத்து, கஷாயத்தை ஆறவைத்த பிறகு, கொதிநீரில் போட்டெடுத்த நீளக் கரண்டியால் இரண்டு நிமிஷம் ஒரே திசையில் வேகமாகச் சுழற்றுங்கள். மூடி வைத்து இருபது நிமிஷம் தொடாதீர்கள். மண்டி நடுவில் மேடாகும். ஓரத்திலிருந்து வடித்துக்கொள்ளலாம்.

துணிப்பை போடுகிறவர்கள் மெல்லிய மல் துணியை நம்ப வேண்டாம், பொடி தப்பிவிடும். நுண்ணிய நைலான் பை வாங்குங்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். இறுக்கமாகக் கட்டிய பைக்குள் பெல்லட் ஊதி உருண்டையாகி, நடுவில் நனையாமலே கிடக்கும். கொதிக்கவைக்காமல் ஃபெர்மென்டரில், அதாவது பியர் நொதிக்கும் பாத்திரத்தில், போடும் டிரை ஹாப்புக்கும் இதேதான். முடிந்ததும் பையைப் பிழியாதீர்கள், பச்சிலைத் துவர்ப்பு இறங்கும்.

பாட்டிலில் அடைக்கும் முன் ஃபெர்மென்டரை இரண்டு நாள் 2 முதல் 4 டிகிரியில் வைத்தால் மிதப்பதெல்லாம் அடியில் உட்கார்ந்துவிடும். ஜனவரியில் இந்த நாட்டுக் கராஜே குளிர்பெட்டிதான். சைஃபனின் உறிஞ்சும் முனையில் கொதிக்கவைத்த சின்ன நைலான் பையைக் கட்டி, மண்டிக்கு மேலேயே பிடித்துக்கொள்ளுங்கள். வெளியேறும் முனையில் கட்டினால் பியர் சிதறி விழும், காற்று கலந்து வாசனை போய்விடும். இவ்வளவும் செய்து பார்த்துவிட்டு, மாதம் இரண்டு முறை காய்ச்சுகிற ஆளாக இருந்தால் ஸ்பைடர் வாங்குங்கள். வருஷத்துக்கு மூன்று முறை என்றால் அந்த 35 பவுண்டுக்கு ஹாப்ஸ் வாங்கலாம்.

மண்டியைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், அடைக்கும். கார்டனில் கொட்டுவதானால் நாய் வளர்க்கிறீர்களா என்று முதலில் யோசியுங்கள். ஹாப்ஸ் நாய்களுக்கு விஷம். உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி, சில மணி நேரத்தில் உயிரே போகலாம். காய்ச்சி எடுத்த சக்கையும் ஆபத்துதான், மால்ட் (முளைகட்டிய பார்லி) இனிப்பு ஒட்டியிருப்பதால் நாய் விரும்பித் தின்னும். தின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி (ரெடிங் வாசகர்): நொதித்து முடிந்து ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தி பார்க்கும் கருவி) அளவு 1.012இல் நின்றது. 80 கிராம் பெல்லட் டிரை ஹாப் போட்டு, மூன்றாம் நாள் பாட்டிலில் அடைத்தேன். மூன்று வாரத்தில் ஒரு பாட்டில் வெடித்துவிட்டது. பெல்லட் கடைக்காரரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கேட்க முடியாது, அது ஹாப்ஸின் சுபாவம். ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. கொதியில் செத்துவிடும், டிரை ஹாப்பில் உயிரோடு இருக்கும். ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை அந்த நொதிகள் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க, ஈஸ்ட் மறுபடி எழுந்து வேலையைத் தொடங்கும். மூடிய பாட்டிலுக்குள் வாயு சேர்ந்து வெடிக்கும். இங்கிலாந்தில் பிரவுன், மோரிஸ் என்ற இருவர் 1893லேயே இதை எழுதிவைத்துவிட்டார்கள். இன்றைக்கு இதன் பெயர் ஹாப் கிரீப்.

டிரை ஹாப் போட்ட பிறகு மறுபடி ஹைட்ரோமீட்டர் வையுங்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஒரே அளவு காட்டினால்தான் பாட்டில். குளிரவைப்பது அதற்குப் பிறகு. மீதி பாட்டில்களை இப்போதே, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டு, ஒவ்வொன்றையும் துண்டில் சுற்றி ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். நன்றாகக் குளிர்ந்ததும் மூடியை மெல்லத் தூக்கி வாயுவை விடுங்கள். இனி பாட்டில் வாங்கும்போது அழகான சதுரப் பாட்டிலை விட்டுவிட்டு, பியருக்கென்றே செய்த கனமான உருண்டைப் பாட்டிலை வாங்குங்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம் வாசகர்): மதுரையில் இருக்கும் தம்பி, ஊருக்கு வரும்போது பியர் காய்ச்சும் கிட்டும் பெல்லட்டும் கொண்டுவரச் சொல்கிறான். கொண்டுபோகலாமா?

பதில்: பெல்லட்டில் மது இல்லை. ஆனால் தம்பி அதை வைத்துச் செய்யப்போவதில் மது இருக்கிறது. 1937ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். லண்டன் அண்ணன் கொடுத்தது என்பது அங்கே செல்லாது. தம்பியை விசா எடுத்து இங்கே வரச் சொல்லுங்கள். வந்ததும் உங்கள் கராஜ் பாட்டிலை அவரையே திறக்கவிடலாம், சிங்க்குக்கு மேலே வைத்து.